நீக்கப்பட்ட இரு சொற்கள்

இந்துத் திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு தகுதியின்மையைச் சேர்த்தது: மீண்டும் மீண்டும் வரும் 'பித்து அல்லது வலிப்பு'. அத்தகைய மணத்தை ரத்துசெய்யக் கோர 12-ஆம் பிரிவு வழிவிட்டது. மூளை நரம்பணுக்களின் மின்கோளாறு என மருத்துவம் அறிந்திருந்த நோயை, 'அல்லது' என்னும் இடைச்சொல் பித்தின் அருகே நிறுத்தியது.

1998-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், வலிப்புள்ள பெண்களின் கர்ப்பகாலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் கேரளப் பதிவேடு தொடங்கிற்று. எம்மருந்து கருவைப் பாதிக்கும் என்பது அதன் முதன்மை வினாக்களுள் ஒன்று. மருத்துவம் அவர்களைத் தாய்மாராகக் கண்டது. சட்டமோ மணமகளாகவும் ஏற்கவில்லை.

1999-இல் 'அல்லது வலிப்பு' நீக்கப்பட்டது. மறைப்பு நீங்கவில்லை. புகுந்த வீட்டில் நோயை மறைப்பவள் மாத்திரையையும் மறைக்கிறாள். வேளை தவறினால் வலிப்பு மீளும். உண்மையைச் சொல்லத் தூண்டலாமே தவிர, மருத்துவர் தாமே சொல்லிவிட இயலாது; அச்செய்தி நோயாளிக்கு உரியது.

இம்மறைப்பை நோயாளியின் நேர்மைக்குறைவாக மட்டும் எழுதும் ஆய்வு, அதனைக் கற்பித்த 23 ஆண்டுச் சட்டத்தையும் வாசிக்க வேண்டும்.