படமும் படுக்கையருகுப் பரிசோதனையும்: தலைக்காய அவசர மருத்துவ வரலாறு (1971–2003)

மருத்துவப் படிமவியலின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது தொடங்கி, புதிதாக வந்த ஒவ்வொரு கருவியும் மருத்துவரின் கண்ணையும் கையையும் ஒரு படி பின்னுக்குத் தள்ளியதாக அவ்வரலாறு கூறும். தலைக்காயச் சிகிச்சையின் வரலாறு இக்கூற்றுக்கு இசையவில்லை. மண்டைக்குள் நேராகக் காட்டும் சி.டி. ஸ்கேன் 1971இல் வந்தது. நோயாளியின் நனவுநிலையை அளப்பதற்கான முறையான அளவுகோலோ 1974இல்தான் வந்தது. படம் வந்த பின்னர்ப் படுக்கையருகுப் பரிசோதனை தேயாமல் கூர்மை பெற்றது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

தலைக்காயத்தின் ஆபத்து அடிபட்ட கணத்தோடு முடிவதில்லை. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதனுள் மெல்லக் கசியும் குருதி சில மணி நேரத்தில் மூளையை நெருக்கிவிடும். பேசிக்கொண்டு வந்தவர் மாலைக்குள் நினைவிழப்பார். சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் எலும்பு முறிவைக் காட்டும், குருதியைக் காட்டாது. சுண்ணம் படிந்த பினியல் சுரப்பி நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால் ஒரு பக்கம் ஏதோ அழுத்துகிறது என்று ஊகிக்கலாம், அவ்வளவே. 1918இல் வால்டர் டேண்டி மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். 1927இல் எகாஸ் மோனிஸ் மூளையின் தமனிகளைப் படத்தில் காட்டினார். இவை இரண்டும் நோயாளிக்குத் துன்பமும் இடரும் தந்தவை, அவசரத்திற்கு ஏற்றவையல்ல. எனவே ஒரு கண்ணின் பாவை விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நின்றால், அறுவை மருத்துவர் பெரும்பாலும் அப்பக்கமே மண்டையில் துளையிட்டுப் பார்த்தார்.

இந்நிலையை மாற்றியவர் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் கோட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அவரது ஆய்வுக்கூட முன்மாதிரி ஒரு பொருளை வருடி முடிக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. 1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் அம்புரோஸின் துணையுடன் முதல் நோயாளிக்குப் படம் எடுக்கப்பட்டது. ஒரு பாகை வீதம் 180 பாகை சுழன்று, ஒவ்வொரு பாகையிலும் 160 அளவீடுகள் என 28,800 அளவீடுகளைக் கருவி திரட்டியது. அவற்றிலிருந்து பெறப்பட்ட படமோ 80க்கு 80 கட்டங்களே கொண்டது. அந்த முதல் நோயாளி அவசர நோயாளி அல்லர். அவருக்கு இருந்தது மூளைக் கட்டி. ஆயினும் கருவியின் பயன் தலைக்காயத்தில் விரைவிலேயே உணரப்பட்டது. புதிதாக உறைந்த குருதி மூளைத் திசுவைவிட அடர்த்தி மிக்கது; ஆகவே படத்தில் வெண்மையாகத் தோன்றும்.

ஆனால் அந்த வெண்மை நிலைப்பதில்லை. ஓரிரு வாரம் கடந்த குருதிக்கட்டு படிப்படியாக அடர்த்தி குறைந்து, ஒரு கட்டத்தில் மூளையின் சாம்பல் நிறத்தையே பெறும். அது இரு பக்கமும் சமமாக இருந்தால் நடுக்கோடும் விலகாது. தொடக்ககாலக் கருவிகளின் கரடுமுரடான படத்தில் அதைத் தவறவிடுவது எளிது. இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. நரம்பிழைகள் பரவலாக அறுபடும் காயத்தைச் சபீனா ஸ்டிரிச் 1956இல் திசு ஆய்வின் மூலம் விவரித்தார். அத்தகைய நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பார், சி.டி. படமோ ஏறத்தாழக் குறையற்றதாகத் தோன்றலாம். படம் இயல்பானது என்பதும் நோயாளி நலமாக உள்ளார் என்பதும் ஒன்றல்ல.

இச்சூழலில்தான் கிளாஸ்கோ நகரின் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகியோரின் கட்டுரை 1974இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதற்குமுன் ‘அரைமயக்கம்’, ‘மந்தநிலை’ போன்ற சொற்களை மருத்துவர்கள் ஆளுக்கொரு பொருளில் வழங்கினர். காலையில் ஒருவர் எழுதியதை இரவில் மற்றொருவர் எழுதியதோடு ஒப்பிட வழியில்லை. கண் திறத்தல், பேச்சு, உடலசைவு என்னும் மூன்றை மட்டும் தனித்தனியே பதிவுசெய்யுமாறு அவர்கள் கூறினர். செவிலியரும் இளநிலை மருத்துவரும் ஒரே முடிவுக்கு வரத்தக்க எளிமையே அதன் வலிமை. தொடக்கத்தில் அதன் உச்ச மதிப்பு 14. உடலசைவில் ஒரு படி சேர்ந்த பின் 15. மொத்த எண்ணை மட்டும் சொல்லும் பிற்கால வழக்கம் வசதியானதே. எனினும் மூன்று கூறுகளில் எது குறைந்தது என்பதை அது மறைத்துவிடுகிறது.

அளவுகோலின் உண்மையான பயன் ஒரு முறை அளப்பதில் இல்லை, மீண்டும் மீண்டும் அளப்பதில் இருந்தது. ‘பேசிய பின் இறந்தவர்கள்’ குறித்து 1975இல் கிளாஸ்கோ குழுவினர் வெளியிட்ட ஆய்வின் அடிப்படை வாதம் எளியது: அடிபட்ட பின் ஒருவர் பேசினார் என்றால் முதற்காயம் மட்டுமே அவரைக் கொன்றிருக்க இயலாது, இடையில் நேர்ந்த ஏதோவொன்று தடுக்கப்பட்டிருக்கலாம். மது அருந்தியதால் வந்த மயக்கமென்றோ பக்கவாதமென்றோ தவறாகக் கருதப்பட்டு, குருதிக்கட்டு தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களைப் பற்றிச் சாம் கால்பிரெய்த் 1976இல் எழுதினார். தாமதத்தின் விலையை 1981இல் அமெரிக்காவின் ரிச்மண்டிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. மூளையுறைக்கடியில் குருதி திரண்ட 82 நோயாளிகளுள், நான்கு மணி நேரத்திற்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 30 விழுக்காட்டினரும் அதன்பின் செய்யப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினரும் இறந்தனர்.

சி.டி. கருவி பெரிய மையங்களில் மட்டுமே இருந்த அக்காலத்தில், யாரை அங்கு அனுப்புவது என்பதே அவசரப் பிரிவின் வினா. மெண்டலோவும் டீஸ்டேல், ஜென்னட் முதலியோரும் 1983இல் அளித்த விடை குறிப்பிடத்தக்கது. எலும்பு முறிவு இல்லை, இடம் காலம் அறிந்து பேசுகிறார் என்றால் குருதிக்கட்டு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 6,000இல் ஒன்று. முறிவில்லாமல் பேச்சு குழம்பியிருந்தால் 120இல் ஒன்று. முறிவு இருந்து தெளிவாகப் பேசினால் 32இல் ஒன்று. முறிவும் குழப்பமும் சேர்ந்தாலோ நான்கில் ஒன்று. எக்ஸ் கதிர்ப் படமும் நோயாளியின் பேச்சும் தனித்தனியே தந்த எச்சரிக்கையை இரண்டும் இணைந்தபோது எத்தனை மடங்கு பெருக்கின என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. படத்தைப் பரிசோதனையோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்னும் மருத்துவ மரபுரை இங்கு எண்ணாக மாறியது.

கருவிகள் பெருகிய பின் வினா தலைகீழானது: யாருக்குப் படம் தேவையில்லை? இயன் ஸ்டீல் தலைமையில் கனடாவின் பத்து மருத்துவமனைகளில் 3,121 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. இலேசான தலைக்காயத்திற்குப் படமெடுப்பதை நெறிப்படுத்தும் விதிகளை அது வகுத்தது. 2003இல் இங்கிலாந்தின் நைஸ் நெறிமுறையும் மண்டையோட்டு எக்ஸ் கதிரை ஒதுக்கிச் சி.டி.யை முதன்மைப்படுத்தியது. ஆனால் அங்கும் சி.டி.க்கு அனுப்பும் முடிவு கிளாஸ்கோ எண்ணைச் சார்ந்தே அமைந்தது. கனடிய விதிகளில் அறுவைக்கான பேரிடரைக் குறிக்கும் ஐந்தனுள் ஒன்று 65 வயது நிறைவு. ஒன்று, இருமுறையேனும் வாந்தி. இரண்டு, மண்டையோட்டு முறிவை ஐயுறச் செய்யும் வெளிப்புற அறிகுறிகள். பட்டியலின் முதலிடத்தில் இருப்பதோ, அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் நோயாளியின் கிளாஸ்கோ மதிப்பு 15ஐ எட்டாமை.