துருவை வென்ற ஆணி

பலகைச் சுவரும் வேலியும் எதனால் நிற்கின்றன என்று கேட்டால், மரத்தால் என்போம். ஆனால் அந்த மரத்தைப் பிடித்து நிறுத்துவது ஆணி. ஆணி துருப்பிடித்து இற்றுவிட்டால் உறுதியான பலகையும் கழன்று விழும். இச்சிறு பொருளைத் துருவிலிருந்து காக்க மனிதன் பட்ட பாடு பெரிது.

1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையினர் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு போர்த்தினர். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிடமிருந்து கப்பலைக் காப்பதே நோக்கம். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பிய கப்பலை 1763-இல் சோதித்தார்கள். செம்பு மரத்தைக் காத்திருந்தது. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. இடையில் பழுப்புக் காகிதம் இருந்த இடங்களில் ஆணிகள் கெடவில்லை!

காரணம் என்ன? இருவேறு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் நுண்ணிய மின்னோட்டம் உண்டாகிறது. அதனால் ஓர் உலோகம் காக்கப்பட, மற்றது கரைகிறது. 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிவியலறிஞர் இவ்வுண்மையைக் கொண்டே, செம்பைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் வைத்துச் சோதனைகள் நடத்தினார்.

1837-இல் பிரான்சில் சொரெல் என்பவர் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் பூச்சு தீர்ந்தபின் துரு பிடிக்கும்.

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேயாதிருக்க வழி தேடினார். ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு அமிலத்துக்கும் அசையாததைக் கண்டார். ஜெர்மனியில் க்ரூப் நிறுவனத்தாரும் 1912-இல் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகுக்கு உரிமை கோரியிருந்தனர். நம் சமையலறையில் இருக்கும் எவர்சில்வர் இந்த இனமே. குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாக எஃகை மூடுகிறது. கீறல் பட்டாலும் அப்படலம் மீண்டும் உண்டாகும்.

பின்னர், காற்றழுத்தத் துப்பாக்கியால் ஆணி அடிக்கும் முறை வந்தது. மெல்லிய கம்பியில் கோத்துச் சுருட்டிய ஆணிகளே சுருள் ஆணிகள். வேலையும் விரைவாயிற்று.

அலாரம் கப்பலின் பாடம் 2003-இல் மீண்டும் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் வீட்டு மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்தேற்றுவதை அவ்வாண்டின் முடிவில் நிறுத்தி, செம்பு மிகுந்த மருந்துகளுக்கு மாறினர். அந்தச் செம்பு சாதாரண ஆணியை அரித்தது. எனவே தடித்த துத்தநாகப் பூச்சுள்ள ஆணியோ எவர்சில்வர் ஆணியோ தேவையாயிற்று.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. உள்நாட்டுப் பகுதியில் பலகைச் சுவருக்கும் வேலிக்கும் 304 என்ற தரம் போதும். அதில் ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. கடலோரத்தில் உப்புக்காற்று வீசுவதால், மாலிப்டினம் சேர்ந்த 316-ஐக் கேளுங்கள். காந்தத்தை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். மழையிலும் வெயிலிலும் பலகை உப்பிச் சுருங்கும். வழுவழுப்பான ஆணியை அது மெல்ல வெளியே தள்ளிவிடும். எனவே தண்டில் வளையங்கள் உள்ள ஆணியே நன்று. தலை மரத்தைத் துளைத்து உள்ளே போகாமல், மட்டமாக நிற்கும்படி அடியுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். துத்தநாகம் பூசிய கூரைத் தகரத்துக்கு எவர்சில்வர் ஆணி ஆகாது. ஈரத்தில் ஆணியைச் சுற்றியுள்ள பூச்சு கரையும். அதற்குத் துத்தநாகம் பூசிய ஆணியே பொருத்தம். விலை கூடிய ஆணி எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. எந்த உலோகம் எதனோடு ஒத்துப்போகும் என்று பார்த்து வாங்கினால், உழைத்துச் சேர்த்த பணம் துருவாய்ப் போகாது.