ஃபிலிம் உருவங்களை மின்னொளிப்பட முறையில் படியெடுத்தல்

ஃபிலிமில் உள்ள உருவத்தை உருத்துலக்கும் கரைசல்கள் இல்லாமல், மின்னூட்டத்தையும் நுண்தூளையும் கொண்டு படியெடுக்கும் முறை. இம்முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் படிக்கே மூலம் ஒரு கண்ணாடிச் சில்லுதான். அதில் மையால் தேதியையும் ஊர்ப்பெயரையும் எழுதி, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டின்மேல் வைத்து ஒளியைச் செலுத்தினார்கள். ஆகவே, ஒளி ஊடுருவும் மூலத்திலிருந்து படியெடுப்பது இம்முறையின் தொடக்கத்திலேயே இருந்தது.

பின்னர் கந்தகத்தின் இடத்தைச் செலினியம் பிடித்தது. இருட்டில் செலினியப் பரப்புக்கு நேர்மின்னூட்டம் ஏற்றி, ஃபிலிம் வழியே ஒளியைப் பாய்ச்சினால், ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டம் வடிந்துவிடும். எஞ்சிய இடங்களில் எதிர்மின்னூட்டம் கொண்ட டோனர் என்னும் நுண்தூள் ஒட்டும். அதைத் தாளுக்கு மாற்றிச் சூட்டால் பதிய வைக்கிறார்கள். நெகட்டிவ் ஃபிலிமில் எழுத்துதான் ஒளியை விடும், பின்புலம் கறுப்பு. அதனால் பரப்பின் மின்னூட்டத்தையே டோனருக்கும் கொடுக்கிறார்கள். மின்னூட்டமுள்ள பின்புலம் தூளை விலக்க, வடிந்த எழுத்திடங்களில் அது படிந்து, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து கிடைக்கிறது.

இதன் பெரும்பயன் மைக்ரோஃபிலிமில்தான் வெளிப்பட்டது. 1955இல் ஹாலாய்டு நிறுவனம் கொண்டுவந்த காப்பிஃப்ளோ, ஃபிலிம் சுருளிலிருந்து சாதாரணத் தாள்சுருளில் இடைவிடாமல் அச்சிட்டது. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் யூஜின் பவர் நடத்திய யுனிவர்சிட்டி மைக்ரோஃபில்ம்ஸ், அச்சில் இல்லாத நூல்களைக் கேட்டவருக்கு மட்டும், ஒரே ஒரு படியானாலும், அச்சிட்டுத் தர இதைப் பயன்படுத்தியது. பாதுகாப்புக்காகப் படமெடுத்து வைத்த பக்கங்கள் கையில் பிடித்துப் படிக்கும் புத்தகமாக மீண்டன. நூலக வரலாற்றில் இது பெரிய பேறு. 1962இல் யுனிவர்சிட்டி மைக்ரோஃபில்ம்ஸை, ஜெராக்ஸ் எனப் பெயர் மாறியிருந்த ஹாலாய்டு வாங்கியது.

நிழற்படங்களுக்கு இம்முறை அவ்வளவு இணங்கவில்லை. மின்புலம் விளிம்புகளில் வலுத்தும் அகன்ற பரப்பின் நடுவில் மெலிந்தும் இருப்பதால், கோடுகள் கூர்மையாக விழும். பரந்த கறுப்பு நடுவில் வெளுத்துப்போகும். பரப்புக்கு மிக அருகே மின்முனை ஒன்றை வைத்தும், படத்தைப் புள்ளிகளாகப் பிரித்தும் இக்குறையைத் தணித்தார்கள்.

ஃபிலிமிலிருந்து ஃபிலிமுக்கே படியெடுப்பது இன்னும் கடினம். மில்லிமீட்டருக்கு 100 கோட்டிணைகளைக் காட்டும் ஃபிலிமில் ஒரு கோட்டின் அகலம் 5 மைக்ரான். உலர் டோனரின் துகளோ 10 மைக்ரான் அளவில் இருக்கும். அதனால் இவ்வேலைக்கு, 1950களில் ஆஸ்திரேலியாவில் மெட்காஃபும் ரைட்டும் உருவாக்கிய திரவ டோனர் வகையே ஏற்றது. மின்கடத்தாத எண்ணெயில் மிதக்கும் அதன் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை.