பயண எச்சரிக்கையின் வரலாறு: லாக்கர்பி முதல் கீவ் வரை

வெளிநாட்டுப் பயணத்துக்குமுன் அரசின் பாதுகாப்பு அறிவுரையைப் பார்ப்பது இன்று விசா எடுப்பதைப் போல வழக்கமாகிவிட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை 1978 முதல் இத்தகைய அறிவுரைகளை வெளியிட்டுவருகிறது. ஆயினும் அவற்றின் இன்றைய வடிவத்துக்கு அதிகாரிகளின் முன்யோசனையைக் காரணம் சொல்ல முடியாது. "தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?" என்று உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்ட கேள்விக்கு அரசுகள் வேண்டாவெறுப்பாகச் சொன்ன பதில்களின் தொகுப்பே அது.

1988 டிசம்பர் 5 அன்று ஹெல்சிங்கியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பிராங்க்பர்ட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் பான் ஆம் விமானம் ஒன்றில் இரண்டு வாரங்களுக்குள் குண்டு வெடிக்கும் என்றார் பேசியவர். செய்தி விமான நிறுவனங்களுக்கும் தூதரகங்களுக்கும் சுற்றறிக்கையாகப் போனது. மாஸ்கோ தூதரகம் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியது; ஊழியர்களும் அங்கு வந்துபோன அமெரிக்கர்களும் படித்தனர். டிக்கெட் வாங்கிய பொதுமக்களிடம் எவரும் மூச்சுவிடவில்லை. டிசம்பர் 21 அன்று, லண்டனிலிருந்து நியூயார்க் புறப்பட்ட பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்திலிருந்த 259 பேரும் தரையிலிருந்த 11 பேரும் மாண்டனர்.

அந்த அழைப்பு வெறும் புரளி, குண்டுவெடிப்போடு தொடர்பற்றது என்று புலனாய்வு முடிவுசெய்தது. கேள்வி அதனால் அடங்கவில்லை. அடங்க வேண்டிய நியாயமும் இல்லை. புரளியோ உண்மையோ, அதை எடைபோட்டுப் பயணத்தைத் தள்ளிவைக்கும் வாய்ப்பு ஒரு சாராருக்கு மட்டும் கிடைத்திருந்தது. பலியானோர் குடும்பங்களின் விடாத போராட்டத்தால் அமெரிக்க அதிபரின் ஆணையம் அமைந்தது. 1990இல் வந்த விமானப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், பயணிகளில் சிலருக்கு மட்டும் ஆபத்தைத் தெரிவிப்பதைத் தடைசெய்தது. ஊழியர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையைப் பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்காவின் கொள்கையானது.

சொன்னால் மட்டும் போதுமா என்ற அடுத்த சிக்கலை இந்தோனேசியாவின் பாலித் தீவு எழுப்பியது. அங்கே 2002 அக்டோபர் 12 அன்று நடந்த குண்டுவெடிப்பில் இறந்த 202 பேரில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள். அதற்குமுன் வந்த ஆஸ்திரேலிய அறிவுரை இந்தோனேசியாவில் ஆபத்து உண்டு என்றது. பாலியில் சுற்றுலாச் சேவைகள் இயல்பாக நடப்பதாகவும் அதே அறிவுரை சொன்னது. இந்த முரண்பாட்டை நாடாளுமன்ற மேலவை துருவி விசாரித்தது. 2003இல் ஆஸ்திரேலிய அரசின் 'ஸ்மார்ட்டிராவலர்' என்ற பயண அறிவுரைச் சேவை தொடங்கியது.

எச்சரிக்கப்படும் நாட்டின் பக்கமிருந்து பார்த்தால் இதே அறிவுரை அரசியலாகத் தெரியும். 2002 கோடையில், எல்லையில் இந்திய, பாகிஸ்தான் படைகள் எதிரெதிரே நின்றபோது, இந்தியாவை விட்டு வெளியேறுமாறு அமெரிக்கா தன் குடிமக்களிடம் கூறியது. தொழில்துறையினரின் கவலை டெல்லியை எட்டியது. தமிழ்நாடும் இப்பட்டியலில் இடம்பெற்றதுண்டு: இலங்கையிலிருந்து வந்த யாத்திரிகர்கள் தாக்கப்பட்டபின், 2012 செப்டம்பரில், இங்கே செல்ல வேண்டாமெனக் கொழும்பு தன் மக்களுக்கு அறிவித்தது.

பிரிட்டனில் அறிவுரைக்குப் பணபலமும் சேர்ந்தது. வெளியுறவு அலுவலகம் வேண்டாம் என்ற இடத்துக்குப் போனால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் செல்லாது. 2015 ஜூன் 26 அன்று துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 30 பிரிட்டிஷார் உட்பட 38 பேர் கொல்லப்பட்டனர். இரு வாரங்களில் பிரிட்டன் அறிவுரையைக் கடுமையாக்கியது. பயண நிறுவனங்கள் வாடிக்கையாளர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டன. அறிவுரை 2017இல்தான் தளர்ந்தது.

அமெரிக்கா 2018 ஜனவரியில் எல்லா நாடுகளையும் நான்கு நிலைகளில் வகைப்படுத்தியது. வழக்கமான கவனம் முதல் நிலை, 'செல்லாதீர்' நான்காவது.

இந்தியாவிடம் இத்தகைய நிரந்தரத் தரவரிசை இல்லை. நெருக்கடி முற்றும்போது அறிக்கை வருகிறது. 2022 பிப்ரவரி 15 அன்று உக்ரைன் தலைநகர் கீவிலுள்ள இந்தியத் தூதரகம், தங்கும் அவசியமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம் என்றது. வகுப்பை விட்டால் படிப்பு என்னாகும் என்று பலர் தயங்கினர். ஒன்பதாம் நாள் ரஷ்யா-உக்ரைன் போர் வெடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், தாய்லாந்தில் ஐடி வேலை என்று ஆசைகாட்டும் கும்பல்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தபோது, தமிழ் இளைஞர்கள் உட்படப் பலர் ஏற்கெனவே எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே சிக்கியிருந்தனர். படிக்கவும் பிழைக்கவும் இத்தனை பேரை வெளியே அனுப்பும் ஒரு நாடு, நாடுவாரியாக, காரணமும் தேதியும் குறித்த பட்டியலை இன்னும் வெளியிடாமலிருப்பதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.