சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்

கல்யாணில் வாழும் நமக்குத் தண்டவாளத்தின் ஓசை தாலாட்டுப் போன்றது. 1853இல் பம்பாயிலிருந்து தாணேவரை ஓடத் தொடங்கிய புகைவண்டி, மறு ஆண்டே கல்யாணை எட்டியது. அந்நாள் 1854ஆம் ஆண்டு மே முதல் நாள். பின்னாளில் அதே மே முதல் நாளை இந்தியத் தொழிலாளரின் திருநாளாக்கிய பெரியார் ஒருவர் தமிழகத்தில் தோன்றினார் என்பதை நம் குழந்தைகளுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ம. சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில், கடலோடு போராடி உயிர் வளர்க்கும் மீனவர் குடியில் பிறந்தார். அலை அடித்தால் பட்டினி, வலை நிறைந்தால் விலை வீழ்ச்சி என்னும் வாழ்வைக் குப்பத்திலேயே கண்டவர் அவர். ஆங்கிலக் கல்வி கற்று, மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1907இல், நாற்பத்தேழாம் அகவையில், வழக்கறிஞரானார். ஆயினும் பிறந்த இடத்தை அவர் உள்ளம் மறந்ததில்லை.

அவரைப் பொதுவுடைமைவாதி என்று மட்டுமே அறிந்தோர் பலர். ருசியப் புரட்சிக்குப் பின்னரே அவர் சிந்தனை பிறந்ததுபோலப் பேசுவோரும் உண்டு. அது முடிவிலிருந்து தொடக்கத்தைப் படிப்பதாகும் என்பது என் கருத்து. மார்க்சுக்கு முன்னரே அவரை ஆட்கொண்டவர் புத்தர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அயோத்திதாச பண்டிதரும் பேராசிரியர் இலட்சுமி நரசுவும் சென்னையில் பௌத்தத்தைப் புதுப்பித்த காலத்தில், சிங்காரவேலரும் அப்பணியில் முன்னின்றார். மகாபோதி சங்கக் கூட்டங்கள் அவர் இல்லத்திலேயே நடைபெற்றன. யார் சொல்லினும் ஆராய்ந்து கொள்க, பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை, துன்பத்திற்குக் காரணம் உண்டு, காரணம் நீங்கின் துன்பம் நீங்கும் என்னும் அறநெறியில் தோய்ந்த நெஞ்சிற்கு, வறுமைக்கும் காரணம் உண்டு என்னும் கொள்கை அயலாகத் தோன்றியிராது. டார்வின், ஸ்பென்சர் போன்றோர் நூல்களையும் அவர் விரும்பிக் கற்றார். அவர் வீட்டு நூலகம் அக்காலச் சென்னையில் பெரும்பேர் பெற்றது.

பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1922இல் கயா காங்கிரசில் தம்மைப் பொதுவுடைமையர் என்று வெளிப்படையாகக் கூறிக்கொண்டார். 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் இரண்டு கூட்டங்கள் கூட்டி, இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். அன்று அவருக்கு வயது அறுபத்து மூன்று! நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயது அது. 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதற் பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமையும் தாங்கினார்.

நம் இரயில்வேக் குடும்பங்கள் மறவாதிருக்க வேண்டிய ஆண்டு 1928. தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி ஆட்குறைப்புக்கு முனைந்தபோது, பொன்மலை, நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய இடங்களின் தொழிலாளர் ஜூலைத் திங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். முகுந்தலால் சர்க்காருடன் சிங்காரவேலர் முன்னின்றார். நிறுத்தம் தோற்றது, பலர் வேலை இழந்தனர். அறுபத்தெட்டு வயது முதியவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு 1930இல் விடுதலையானார். தோற்ற போராட்டத்தை வரலாறு எளிதில் மறக்கும். வேலை இழந்த வீட்டார் மறப்பதில்லை.

முப்பதுகளில் ‘குடிஅரசு’ முதலிய ஏடுகளில் அறிவியலையும் சமதர்மத்தையும் எளிய தமிழில் விளக்கி எழுதினார். 1946 பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். அவருடன் பௌத்தப் பணி புரிந்த இலட்சுமி நரசுவின் நூலொன்றை, இரண்டாண்டு கழித்து, 1948இல், தம் முன்னுரையுடன் மீண்டும் அச்சேற்றினார் டாக்டர் அம்பேத்கர். அந்நூல் வெளிவந்த ஊர் நமது மும்பையே.