தன்னார்வலர்களை வழிநடத்துவோருக்கான சிறப்புகள்

சம்பளம் பெறாமல் தொண்டு செய்பவர்களைத் திரட்டி, பழக்கி, வேலையைப் பிரித்துக் கொடுத்துத் தொடர்ந்து இயங்கச் செய்பவர்களுக்கும் விருதுகளும் பட்டங்களும் வழங்கப்படுகின்றன. இந்தியாவில் தொண்டுக்கான சிறப்பு நெடுங்காலம் தனி மனிதரின் ஈகைக்கோ தியாகத்துக்கோ உரியதாகவே இருந்தது. பிறரைத் தொண்டு செய்ய வைப்பதும் ஒரு தனித் திறன் என்பது மெல்லத்தான் ஏற்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகர், இந்த வரலாற்றின் சில கட்டங்களோடு தொடர்புடையது.

பணியின் இயல்பு

சம்பளம் வாங்குபவரிடம் செல்லும் அதிகாரம் தன்னார்வலரிடம் செல்லாது. அவர் விருப்பத்தால் வருகிறார். மனம் வாடினால் சொல்லாமலே நின்றுவிடுவார். எனவே யாருக்கு எந்த வேலை பொருந்தும், எவ்வளவு நேரம் கேட்கலாம், எப்போது நன்றி சொல்ல வேண்டும் என்பதை அறிந்திருப்பது ஒருங்கிணைப்பாளரின் முதல் தேவை.

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வையற்ற மாணவர் தேர்வறையில் விடை சொல்ல, அதை எழுதித்தர ஒருவர் தேவை. எழுத முன்வருபவர் நல்ல மனம் படைத்தவராக இருந்தால் மட்டும் போதாது. குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு முன்பே வர வேண்டும். சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். வருவதாகச் சொன்னவர் வராமல் போனால் இழப்பு மாணவருக்கு. அதனால் மாற்று ஆளையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். இத்தகைய வேலை சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. தவறும்போதுதான் அது வெளியே தெரியும். இதைச் செய்பவர்களுக்குச் சிறப்புகள் தாமதமாக வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

தொண்டர் படைகளின் காலம்

விடுதலைப் போராட்டக் காலத்தில் மாநாட்டுப் பந்தல், உணவு, தங்குமிடம், கூட்ட ஒழுங்கு ஆகிய பணிகளைத் தொண்டர்களே கவனித்தனர். இவர்களுக்கு முறையான பயிற்சி தர, ஹூப்ளியைச் சேர்ந்த மருத்துவர் நா. சு. ஹர்டிகர் 1923-இல் இந்துஸ்தானி சேவா தளத்தைத் தொடங்கினார். அணிவகுப்பு, முதலுதவி, முகாம் வாழ்க்கை ஆகியவற்றில் தொண்டர்களைப் பழக்கியது இந்த அமைப்பு. இந்திய அரசு 1958-இல் ஹர்டிகருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. தொண்டர்களைப் பயிற்றுவித்த ஒருவருக்கு விடுதலை பெற்ற இந்தியா அளித்த தொடக்ககாலச் சிறப்புகளில் இது ஒன்று.

காங்கிரஸின் 60-ஆவது மாநாடு 1955 சனவரியில் ஆவடியில் நடந்தது. மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிடப்பட்டது. உ. ந. தேபர் தலைமை வகித்தார். சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காகக் கொண்ட தீர்மானத்துக்காக இம்மாநாடு இன்றும் நினைக்கப்படுகிறது. இத்தகைய பெருங்கூட்டங்களின் வரலாறு எழுதப்படும்போது தலைவர்களின் பேச்சும் தீர்மானமும் பதிவாகின்றன. பந்தலிலும் சமையற்கூடத்திலும் தொண்டர்களை நடத்தியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாவதில்லை.

மேரி கிளப்வாலா ஜாதவ்

சென்னையில் தன்னார்வலர்களை ஒருங்கிணைத்தவர்களில் முதன்மையானவர் மேரி கிளப்வாலா ஜாதவ். இவர் 1909-இல் உதகமண்டலத்தில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்த பின் பொதுத்தொண்டில் ஈடுபட்டு, கில்ட் ஆஃப் சர்வீஸ் என்னும் சென்னைச் சேவை அமைப்பின் உயிர்நாடியாக விளங்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது சென்னையும் அதன் சுற்றுப்புறமும் படைவீரர்களால் நிரம்பின. ஆவடி அக்காலத்தில் ஒரு பெரிய படைத்தளமாக இருந்தது. சென்னைப் பகுதியில் தங்கியிருந்த இந்திய வீரர்களுக்குப் போதிய வசதிகள் இல்லாததைக் கண்ட மேரி, 1942-இல் இந்திய விருந்தோம்பல் குழுவை அமைத்தார். பல சமூகங்களையும் சேர்ந்த பெண்கள் அதில் இணைந்தனர். நடமாடும் சிற்றுண்டிச் சாலைகள், மருத்துவமனையில் காயம்பட்டவர்களைச் சந்தித்தல், பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் ஆகியவை குழுவின் பணிகள். பழக்கமில்லாத பொது வேலைக்கு வந்த பெண்களை நேரம் தவறாமல் முறை வைத்து இயக்கியதே இம்முயற்சியின் வெற்றிக்குக் காரணம்.

போருக்குப் பின், ஆர்வம் மட்டும் போதாது, முறையான படிப்பும் தேவை என்ற கருத்து வலுப்பெற்றது. சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952-இல் தொடங்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் மேரிக்கு முக்கியப் பங்கு உண்டு. தொண்டு நிறுவனங்களை நடத்துவது ஒரு தொழிற்கல்வியாக இவ்வாறு சென்னையில் இடம் பெற்றது. மேரிக்கு 1955-இல் பத்மஸ்ரீ, 1968-இல் பத்மபூஷண், 1975-இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகள் கிடைத்தன. அவர் 1975-இல் காலமானார்.

அதே 1909-இல் பிறந்த துர்காபாய் தேஷ்முக்கும் 1975-இல் பத்மவிபூஷண் பெற்றார். சென்னையில் 1937-இல் ஆந்திர மகிளா சபையை நிறுவியவர் இவர். 1953-இல் அமைக்கப்பட்ட மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவராக இருந்து, நாடெங்கும் தன்னார்வ நிறுவனங்களுக்கு அரசு உதவி கிடைக்க வழிசெய்தார். பெரிய அமைப்புகளை உருவாக்கியவர்களை இவ்விருதுகள் அடையாளம் கண்டன. ஆனால் ஒரு கல்லூரியிலோ ஒரு தெருவிலோ ஐம்பது, நூறு பேரை நடத்துபவர்களை இவை எட்டவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டமும் விருதும்

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் இதைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் திட்டம் தொடங்கியது. ஆவடியை அடுத்த பட்டாபிராமில் இந்துக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே 1969-இல்தான். மேற்குப் புறநகரில் கல்லூரிகள் பெருகிய காலமும் இத்திட்டம் வளர்ந்த காலமும் ஒன்றே.

இதன் அடிப்படை அலகுக்குத் திட்ட அலுவலர் ஒருவர் பொறுப்பேற்கிறார். இவர் அதே கல்லூரியின் ஆசிரியர். வகுப்பு, தேர்வுத்தாள் திருத்துதல் ஆகியவற்றோடு சேர்த்து, ஏறத்தாழ நூறு மாணவர்கள் கொண்ட அலகை நடத்துகிறார். ஒவ்வொரு மாணவரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாம் நடக்கும் ஊரில் தங்குமிடம் பார்ப்பது, ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவது, மாணவிகளின் பெற்றோரிடம் இசைவு பெறுவது, செலவுக் கணக்கு எழுதுவது எல்லாம் திட்ட அலுவலரின் பொறுப்பு.

திட்டத்தின் வெள்ளி விழாவையொட்டி 1993-94-இல் மத்திய இளைஞர் நலம் மற்றும் விளையாட்டு அமைச்சகம் இந்திரா காந்தி நாட்டு நலப்பணித் திட்ட விருதை ஏற்படுத்தியது. சிறந்த மாணவர்களோடு சிறந்த திட்ட அலுவலர்களும் தனிப் பிரிவில் சிறப்பிக்கப்பட்டனர். 2020-21-ஆம் ஆண்டுக்கான விருதுகளைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2022 செப்டம்பர் 24 அன்று வழங்கினார். அப்போது 10 அலகுகளும் அவற்றின் 10 திட்ட அலுவலர்களும், 30 மாணவர்களும் விருது பெற்றனர். திட்ட அலுவலருக்கு 1,50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் சான்றிதழும் வழங்கப்படுகின்றன. அலகுக்கு 2,00,000 ரூபாய் தனியே செல்கிறது.

அலகையும் அலுவலரையும் ஒருசேரச் சிறப்பிப்பது இவ்விருதின் தனித்தன்மை. அலுவலர் தாமே எத்தனை மரம் நட்டார் என்பது இங்கே அளவுகோல் அன்று. அவரிடம் பழகிய மாணவர்கள் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதே அளவுகோல்.

உலக அளவில்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985-இல் எடுத்த முடிவின்படி டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2001-ஆம் ஆண்டு பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக அமைந்தது. தன்னார்வலர்களை வழிநடத்துவோருக்கெனத் தனியாக நவம்பர் 5 பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது.

இன்றைய நிலை

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னையையும் புறநகரையும் பாதித்தன. 2023-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய நாட்களில் உதவ வருபவர்களுக்குக் குறைவிருப்பதில்லை. ஒரே தெருவுக்கு மூன்று முறை உணவு போய், அடுத்த தெருவுக்கு ஒரு முறையும் போகாமல் இருப்பதுதான் சிக்கல். கைப்பேசியும் பட்டியலும் வைத்துக்கொண்டு அதைச் சீர்செய்பவரே ஒருங்கிணைப்பாளர்.

நாட்டு நலப்பணித் திட்ட விருது கல்வி நிறுவனங்களுக்கு உள்ளே நின்றுவிடுகிறது. குடியிருப்போர் சங்கங்கள், ஏரிப் பாதுகாப்புக் குழுக்கள், குருதிக்கொடை அமைப்புகள் ஆகியவற்றில் ஆட்களைத் திரட்டுபவர்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. அவர்களுக்கான சிறப்பு பெரும்பாலும் ஆண்டு விழா மேடையில் ஒரு பொன்னாடையோடு முடிகிறது. அலகின் பணியைக் கொண்டு அலுவலரை மதிப்பிடும் முறை, இவர்களுக்கான விருதுகளுக்கும் பொருந்தக்கூடிய முன்மாதிரியாகும்.