ஸ்கிர்மியான்: மெசான் புலத்தில் பிறந்த பேரியான்

புரோட்டானையும் நியூட்ரானையும் அடிப்படைத் துகள்களாகக் கொள்ளாமல், மெசான் புலத்தில் விழுந்த அவிழாத முறுக்குகளாகக் கொள்ளும் கோட்பாட்டை 1961, 1962ஆம் ஆண்டுகளில் வெளியிட்டவர் டோனி ஸ்கிர்ம். இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றிய காலம் அது. அந்த முறுக்குக்கு ஸ்கிர்மியான் என்னும் பெயர் பின்னாளில் வந்தது. மூன்று பரிமாண வெளியில் அமைந்த இடவியல் சாலிட்டான்களில், அதாவது குலையாமல் நிலைக்கும் புல முறுக்குகளில், மிக மூத்தவற்றுள் இது ஒன்று.

ஸ்கிர்முக்கு இந்த எண்ணம் தோன்றியதில் 19ஆம் நூற்றாண்டுக்கும் பங்குண்டு. அணு என்பது ஈதரில் சுழலும் சுழல்வளையம் என்று 1867இல் கெல்வின் கருதினார். கெல்வினின் கருத்துப்படி அமைந்த கடலோதக் கணிப்புப் பொறி ஒன்று ஸ்கிர்மின் கொள்ளுத்தாத்தா வீட்டில் இருந்தது. அதன் தாக்கத்தை ஸ்கிர்மே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். புள்ளித் துகள்களால் குவாண்டம் கோட்பாட்டில் முளைக்கும் முடிவிலிகள் அவரை உறுத்தின. புரோட்டான் போன்ற ஃபெர்மியான்களுக்குச் செவ்வியல் இயற்பியலில் ஒப்பு ஏதும் இல்லாததும் அவருக்குப் பிடிக்கவில்லை. மெசான் போன்ற போசான் புலம் ஒன்றே போதும், ஃபெர்மியான் அதிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது அவர் துணிபு. மாதிரியின் மற்ற கூறுகளை விட இந்தத் துணிபே பெரிது. அதை மெய்ப்பிக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஸ்கிர்ம் மாதிரியில் வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் புலத்தின் மதிப்பு ஒரு முப்பரிமாணக் கோளப்பரப்பின் புள்ளியாக அமைகிறது. தொலைவில், எல்லாத் திசைகளிலும், புலம் ஒரே வெற்றிட மதிப்பை எட்ட வேண்டும். ஆகவே முழு வெளியும் இன்னொரு முப்பரிமாணக் கோளப்பரப்புக்கு நிகராகிறது. முதல் கோளத்தை இரண்டாவது எத்தனை முறை போர்த்துகிறது என்பது ஒரு முழு எண். தூணில் சுற்றி இரு முனைகளையும் கட்டிவிட்ட கயிற்றின் சுற்றுகளை, கயிற்றை அறுக்காமல் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அதுபோல, புலம் தொடர்ச்சியாக மாறும்வரை இந்த எண்ணும் மாறாது. ஸ்கிர்ம் இதையே பேரியான் எண், அதாவது புரோட்டான், நியூட்ரான் போன்ற பேரியான்களின் எண்ணிக்கை, என்று கொண்டார். பேரியான் எண் அழிவதில்லை என்பதைத் தனி விதியாக எழுத வேண்டிய தேவை இதனால் இல்லாமல் போயிற்று.

முறுக்கு அவிழாவிட்டாலும் சுருங்கி மறையலாம். புலத்தின் வழக்கமான ஆற்றல் உறுப்பு முறுக்கின் அளவுக்கு நேர்விகிதத்தில் குறைவதால், அது மட்டும் இருந்தால் சாலிட்டான் புள்ளியாக ஒடுங்கிவிடும். நான்கு வகைக்கெழுக்கள் கொண்ட இன்னோர் உறுப்பை ஸ்கிர்ம் சேர்த்தார். முறுக்கின் அளவு குறையக் குறைய அதன் ஆற்றல் ஏறும். இரண்டின் இழுபறியில் ஒரு நிலையான ஆரம் கிடைக்கிறது. இத்தகைய ஒடுக்கத்தைப் பொதுத் தேற்றமாக டெரிக் நிறுவியது 1964இல்தான்.

அதே 1964இல் குவார்க் கருதுகோள் வந்தது. அனைவரின் கவனமும் அதன்பக்கம் திரும்பவே, ஸ்கிர்மின் கட்டுரைகளைப் படிப்பார் அருகினர். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு இருந்துவிட்டு அவர் பர்மிங்காம் சென்றார். 1968இல் ஃபிங்கெல்ஸ்டைனும் ரூபின்ஸ்டைனும் போசான் புலத்தின் சாலிட்டானுக்கு ஃபெர்மியானுக்கே உரிய அரைத் தற்சுழற்சி அமைய இடமுண்டு என்று காட்டினர். இடமுண்டு என்பதற்கு மேல் எதுவும் அப்போது சொல்ல முடியவில்லை.

திருப்பம் குவார்க் கோட்பாட்டுக்குள்ளிருந்தே வந்தது. 1974இல் டூஃப்ட், குவார்க்குகளின் ‘நிறம்’ எனப்படும் வகைகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து மிகப் பெரிதாக்கிப் பார்த்தார். அவ்வெல்லையில் குவார்க் கோட்பாடு வலுவின்றி வினைபுரியும் மெசான்களின் கோட்பாடாகிறது. அங்கே நிறங்கள் கூடக் கூட, பேரியானின் நிறை சாலிட்டானின் நிறையைப் போலவே ஏறுகிறது என்று 1979இல் விட்டன் கண்டார். 1982இல் அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் ஏ. பி. பாலச்சந்திரன், வி. பி. நாயர், எஸ். ஜி. ராஜீவ், ஏ. ஸ்டெர்ன் ஆகியோர் ஸ்கிர்ம் மாதிரியை மீண்டும் கையிலெடுத்தனர். இவர்களில் பாலச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அல்லாடி இராமகிருஷ்ணனிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். 1983இல் விட்டன், வெஸ்–சுமினோ உறுப்பைச் சேர்த்து, நிறங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் சாலிட்டான் ஃபெர்மியான், இரட்டைப்படையானால் போசான் என நிறுவினார். இயற்கையில் நிறங்கள் மூன்று. ஸ்கிர்மின் துணிபு சரியாயிற்று. ஆனால் அவர் அடிப்படைக் கோட்பாடாகக் கருதியது, குறைந்த ஆற்றலில் மட்டும் செல்லும் தோராயமாக இடம் மாறிவிட்டது.

அதே ஆண்டு ஆட்கின்ஸ், நாப்பி, விட்டன் மூவரும் நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்), டெல்டா என்னும் பேரியான் ஆகியவற்றின் நிறைகளை உள்ளீடாகக் கொண்டு பிற பண்புகளைக் கணக்கிட்டனர். புரோட்டானின் காந்தத் திருப்புத்திறன் 1.87 என வந்தது, அளவீடு 2.79. அச்சுப் பிணைப்பு மாறிலி 0.61 ஆயிற்று, அப்போதைய அளவீடு 1.23. இரண்டாவது பிழை சிறிதல்ல. ஆயினும் இரண்டே அளவுருக்கள் கொண்ட மாதிரிக்கு இது மோசமான விளைச்சலும் அல்ல.

1985இல் ராயல் சொசைட்டியின் ஹியூஸ் பதக்கம் ஸ்கிர்முக்குக் கிடைத்தது; 1987இல் மறைந்தார். அதன்பின் ஆய்வு அணுக்கருக்களுக்கு நகர்ந்தது. பேரியான் எண் 2 உடைய ஸ்கிர்மியான் வளைய வடிவிலும், 3 நான்முகி வடிவிலும், 4 கனசதுர வடிவிலும் அமைவது கணினிக் கணக்கீடுகளில் தெரியவந்தது. வடிவங்கள் அழகாகவே இருந்தன, இடறியது பிணைப்பாற்றல். பயான் என்னும் மெசானுக்கு நிறையில்லை என்று கொண்டால், ஆல்பா துகளுக்கு நிகரான கனசதுரத்தில் அது மொத்த நிறையில் சுமார் 9 விழுக்காடு. உண்மையான ஆல்பா துகளிலோ 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 2010இல் சட்கிளிஃப் பல வெக்டர் மெசான்களைச் சேர்த்தும், ஆடம், சான்செஸ்-கில்யென், வெரெஷ்சின்ஸ்கி ஆகியோர் பிணைப்பாற்றல் அடியோடு மறையும் ஒரு மாற்று மாதிரியிலிருந்து தொடங்கியும் இந்த இடைவெளியைக் குறைக்க வழிகண்டனர்.